கொக்கு எடுத்த நாலு மார்க்

எல்லாவற்றுக்கும் காரணம் அவள் நன்றாகப் பாடம் நடத்தியதுதான். மோசமாக நடத்தியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. இருபத்தாறு ஆட்டக்காரர்களும் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். இவளோ இரண்டு நாள் உட்கார்ந்து படம் வரைந்து, தோல் உரித்த முட்டையை ஒரு டப்பாவுக்குள் போட்டுக் குலுக்கிக் காட்டி, மண்டைக்குள் மூளை எப்படி ஆடும், ஆடினால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலப் பிட்டுப் பிட்டு வைத்தாள். அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினை.

அந்தக் கால்பந்து கிளப்பில் அவளுக்கு டாக்டரக்கா என்று பெயர். எலும்பு டாக்டராக ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒழுங்காகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவள். முப்பத்தொரு வயதில் அதை உதறிவிட்டு, விளையாட்டு மருத்துவம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மொத்தம் இரண்டு வருடப் பயிற்சி. முதல் வருடம் வகுப்பறை, இரண்டாம் வருடம் ஏதாவது ஓர் அணியோடு மைதானம். அங்கே இருக்கும் பெரிய டாக்டர் கடைசியில் 'சரி, தேறிவிட்டாள்' என்று ஒரு கையெழுத்துப் போட்டால்தான் பட்டம்.

"படிச்சு முடிச்சு, ஓடுறவங்க பின்னாடி ஐஸ் பையைத் தூக்கிட்டு ஓடப்போறியா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு வலது முட்டியில் தேய்மானம். "ஊர்ல உள்ள முட்டிக்கெல்லாம் வைத்தியம் நடக்குது. இந்த வீட்ல ஒரு முட்டி கெடந்து கத்துது, கேக்க நாதி இல்ல" என்று மாடிப்படி ஏறும்போதெல்லாம் சத்தமாகச் சொல்வாள். படி இறங்கும்போது மறுபடியும் சொல்வாள்.

மகள் ஏன் இந்தப் பிடிவாதம் பிடித்தாள் என்பது அம்மாவுக்கும் தெரியும். பள்ளிக்கூட நாளில் அவள் நன்றாக ஓடுவாள். பதினாறு வயதில் பின்தொடைத் தசை கிழிந்தது. கூட்டிப்போன டாக்டர் தலையை நிமிர்த்தவே இல்லை. சீட்டில் எழுதிக்கொண்டே, "ஓடாதே, சரியாயிடும்" என்றார். எப்போது வரைக்கும் ஓடக்கூடாது, எப்போது ஓடலாம், எப்படித் திரும்ப ஓடுவது, ஒரு வார்த்தை கிடையாது. அவள் அப்புறம் ஓடவே இல்லை. தலையை நிமிர்த்திப் பார்க்கிற டாக்டராக நாம் இருக்க வேண்டும் என்று அந்த வயதிலேயே மனசில் விழுந்துவிட்டது. விழுந்தது போகவில்லை, அவ்வளவுதான்.

ஆட்டப் பருவம் தொடங்குவதற்கு முந்திய வாரம் நடந்த அந்தப் பாடத்தில் அவள் சொன்னது இது.

"தலையில அடிபட்டா வெளிய ஒண்ணும் தெரியாது. ரத்தம் வராது, வீங்காது. அதனால நாம ஒரு சின்ன டெஸ்ட் வைப்போம். பத்து வார்த்தை படிப்பேன், திருப்பிச் சொல்லணும். மாசங்களை டிசம்பர்ல இருந்து தலைகீழாச் சொல்லணும். ஒத்தக்காலில நிக்கணும். ஆனா ஒருத்தருக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி, ஒருத்தருக்குக் கம்மி. அதனால உங்களை உங்களோடதான் ஒப்பிடுவோம். இன்னைக்கு நல்லா இருக்கும்போது ஒரு மார்க் எடுத்து வச்சுக்குவோம். பின்னால அடிபட்டா மறுபடி எடுப்போம். மார்க் குறைஞ்சிருந்தா, பன்னெண்டு நாளைக்கு மைதானம் பக்கமே வரக்கூடாது."

கடைசி வரிசையிலிருந்து கோல்கீப்பர் கையைத் தூக்கினான். "அப்ப இன்னைக்கு ஃபெயிலாயிட்டா, அப்புறம் எப்ப அடிபட்டாலும் பாஸ்தானே அக்கா?"

அறையே குலுங்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். அட, சிரிக்காமல் என்ன செய்வாள்? வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதல் தடவையாக அந்தத் தடிமாடுகள் அவள் பேச்சைக் காதில் வாங்கியிருக்கிறார்கள், அக்கா என்று வேறு கூப்பிட்டுவிட்டார்கள். மனசு குளிர்ந்துபோயிருந்தாள்.

பன்னிரண்டு நாள் என்றால் என்ன என்று அவளுக்கு நாள் கணக்காகத் தெரியும். அவர்களுக்கு அது வேறு கணக்கு. கொக்கு என்று எல்லாரும் கூப்பிடுகிற தடுப்பாட்டக்காரனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறடி மூன்று அங்குலம், அதில் கழுத்தே ஒரு முழம். கோலுக்கு முன்னால் நின்று, வருகிற உயரப் பந்தையெல்லாம் தலையால் முட்டித் திருப்பி அனுப்புவதுதான் அவன் வேலை. இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்தே தேய்ந்தவன். அந்த இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் தலையில் அடிபட்டு, விதிப்படி பன்னிரண்டு நாள் வீட்டில் இருந்தார். பதின்மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் கொக்கு நின்றான். பிறகு அவர் ஆடவே இல்லை. இதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு முட்டையைக் குலுக்கிக் காட்டி என்ன பயன்?

பாடம் முடிந்ததும் ஒவ்வொருவராக அழைத்து மார்க் எடுத்தாள். கொக்கு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தான். அவள் நிதானமாகப் படித்தாள்: ஏணி, உப்பு, கண்ணாடி, யானை, நூல், மேகம், பூட்டு, வாழை, கம்பளி, மணி.

"ஏணி... உப்பு..." கூரையைப் பார்த்தான். "யானை. மணி. சிங்கம் இருந்துச்சா அக்கா?"

"இல்ல."

"யானை இருந்தா சிங்கம் இருக்கணுமே. எங்க வீட்டு டீச்சர்கிட்ட கேட்டா கரெக்டாச் சொல்லுவா." அவன் மனைவி மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறவள். வீட்டிலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னதற்கு, செப்டம்பரை விழுங்கிவிட்டு ஆகஸ்டுக்குத் தாவினான். பத்துக்கு நாலு மார்க், மாதத்தில் ஒரு பிழை. அவள் எழுதிக் கையெழுத்திட்டாள்.

அன்று மத்தியானம் கேன்டீனில் அவள் தட்டோடு வரிசையில் நின்றபோது பின்னால் ஒரு மேசையில் கும்மாளம். கொக்கு ஸ்பூனால் மேசையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தான்: "மணி, கம்பளி, வாழை, பூட்டு, மேகம், நூல், யானை, கண்ணாடி, உப்பு, ஏணி!" பத்தும் இருந்தது, அதுவும் கடைசியிலிருந்து. ஒரு தடவைதான் காதால் கேட்டிருந்தான். மேசை முழுக்கக் கைதட்டல். திரும்பிப் பார்த்த அவளிடம் கண்ணைச் சிமிட்டினான்.

அந்த நிமிஷமே தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரும் எழுந்திரிங்க, மறுபடி எடுக்கணும்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் இருபத்தாறு பேருக்கும் மறுபடி எடுக்க வேண்டும். தாள்களைச் சாயங்காலத்துக்குள் முடித்துத் தா என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். தவிர, இப்போதுதான் அக்கா என்றார்கள், அதற்குள் போலீஸ்காரி ஆகிவிடுவதா? "போக்கிரி" என்று சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனாள். சாயங்காலம் இருபத்தாறு தாளையும் அடுக்கிக் கொடுத்தாள். எல்லாருமே மூன்று, நாலு, ஐந்து. நாட்டின் மக்குப் பசங்களை எல்லாம் பொறுக்கியெடுத்து ஓர் அணி சேர்த்ததுபோல இருந்தது. பெரிய டாக்டர் மேலோட்டமாகப் புரட்டிப் பார்த்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

நாலு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. சுளுக்கு, கொப்புளம், ஒரு விரல் முறிவு, கோச்சுக்கு வயிற்று உபாதை, இப்படியே போனது. அவள் அந்தத் தாளை மறந்தும்போனாள்.

ஐந்தாம் மாதம் ஓர் ஆட்டத்தில் எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. பந்து வளைந்து வந்தது, கொக்கு எழும்பினான், எதிராளியும் எழும்பினான். இரண்டு மண்டையும் மோதிய சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது. எதிராளி சுருண்டு கிடந்தான். கொக்கு விழுந்த வேகத்திலேயே எழுந்து நின்றுவிட்டான். அவன் எழுந்த அவசரம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பையோடு ஓடிப்போய் அவன் முகத்தைப் பிடித்தாள். "என்னைப் பாரு. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றான்.

அவள் கையை எடுக்கவில்லை. "யாரு நான்?"

அவன் ஒரு கணம் பார்த்தான். பிறகு பல்லைக் காட்டினான். "டாக்டரக்கா. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்."

எப்போதும் கேலி பேசுகிறவனிடம் இது ஒரு தொல்லை. எது கேலி, எது தலை சுற்றியதால் வந்தது என்று யார் பிரித்துச் சொல்வது?

பரிசோதனைக்கு விதிப்படி பத்து நிமிஷம். தற்காலிகமாக ஒரு மாற்று ஆளை இறக்கிவிட்டு அவனை டிரெஸ்ஸிங் ரூமுக்குக் கூட்டிப்போனார்கள். ஈரத் தரை, தைல வாசனை, எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டரும் பின்னாலேயே வந்து சுவரோரம் நின்றார். அவள் வேறொரு பத்து வார்த்தைப் பட்டியலை எடுத்துப் படித்தாள். இந்தத் தடவை கொக்கு கூரையைப் பார்க்கவில்லை. பெஞ்சின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அவள் உதட்டையே பார்த்துக் கேட்டான். நெற்றி நரம்பு புடைத்தது.

"தட்டு... குடை..." நீண்ட இடைவெளி. "முயல். இன்னும் ஒண்ணு, இருங்க... கதவு."

நாலு. மாதங்களைச் சொன்னான். டிசம்பர், நவம்பர், அக்டோபர், ஆகஸ்ட். ஒற்றைக்காலில் கொஞ்சம் ஆடினான், அன்றைக்கும் வேண்டுமென்றே கொஞ்சம் ஆடியிருந்தான்.

பெரிய டாக்டர் அலமாரியிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய தாளை இதன் பக்கத்தில் வைத்தார். "நாலு, நாலு. மாசத்துல ஒரு தப்பு, இதுலயும் ஒரு தப்பு. ஒரு வித்தியாசமும் இல்லையேம்மா."

"சார், அந்த முதல் தாள் பொய். அவன் வேணும்னே தப்பாச் சொன்னான். அன்னைக்கே கேன்டீன்ல பத்தையும் தலைகீழா ஒப்பிச்சான். நான் கேட்டேன். பத்து எடுக்கிறவன் இப்ப நிஜமா முயற்சி பண்ணி நாலு எடுத்திருக்கான் சார். ஆறு வார்த்தை எங்க போச்சு?"

"அன்னைக்கே ஏன் எழுதல?"

"கொக்கு, நீ சொல்லு" என்று அவன் பக்கம் திரும்பினாள். குரல் கெஞ்சியது. "அன்னைக்கு நடிச்சதானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு போதும். உன் நல்லதுக்குத்தான் கேக்குறேன்."

அவன் அவளைப் பார்த்தான், பெரிய டாக்டரைப் பார்த்தான், வாசலில் வந்து நின்ற கோச்சைப் பார்த்தான். "நடிக்கவெல்லாம் இல்லக்கா. எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஞாபக சக்தி கம்மி."

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது ஆறுதல் பட்டிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் கண்ணு இருக்கும்மா. ஆனா எதை வச்சு நிறுத்தினீங்கன்னு நாளைக்குக் கேப்பாங்க. என்கிட்ட இருக்கிறது ரெண்டு தாள். ரெண்டும் நீ எழுதினது. ரெண்டும் ஒண்ணா இருக்கு. தலைவலி இருக்கான்னு கேட்டா இல்லங்கிறான், மயக்கம் இல்லங்கிறான். கேன்டீன்ல பாடினான்னு நான் ஃபார்ம்ல எழுத முடியுமா?"

"சந்தேகம் இருந்தா உக்கார வைக்கணும்னு விதி இருக்கே சார்!"

"சந்தேகம் உனக்கு இருக்கு. கையெழுத்து நான்ல போடணும்."

கோச் கடிகாரத்தைத் தட்டினார். "பெரியவர் சரின்னுட்டாரா இல்லையா? நிமிஷம் ஓடுது."

பெரிய டாக்டர் தலையை அசைத்தார். அவள் ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். சொன்னால் சிரிப்பு வரும், ஐந்தடி ஓரங்குலம் அவள். கொக்கு அவளுடைய இரண்டு தோளையும் பிடித்து, பூந்தொட்டியை நகர்த்தி வைப்பதுபோல ஓரமாக நகர்த்தினான். "வழி விடுங்கக்கா. ஒண்ணும் ஆகாது." அந்தப் பிடியில் கோபமே இல்லை. அதை நினைத்தால்தான் பிற்பாடு அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. அவன் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம்.

மைதான ஓரத்தில் கோச்சின் கையைப் பிடித்தாள். "வேண்டாம் கோச், சொன்னாக் கேளுங்க."

"ஏம்மா, அவரு இருபது வருஷ டாக்டரு. நீ பழகுறதுக்கு வந்த பொண்ணு. போய் உக்காரு."

போய் உட்கார்ந்தாள். வேறென்ன செய்ய? கத்தினால் கூட்டத்தின் சத்தத்தில் யார் காதில் விழும்? பந்து மேலே போகும்போதெல்லாம் அவள் மூச்சும் கூடவே போனது. கீழேயே ஆடுங்களேண்டா, தரையோடு ஆடுங்களேண்டா என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கொக்கு நன்றாகவே ஆடினான். இரண்டு பந்தைத் தடுத்தான், ஒருவனோடு சண்டைக்குப் போனான். பக்கத்தில் இருந்த பிசியோ, "பாத்தீங்களா டாக்டர், நீங்க சும்மா பயந்தீங்க" என்றார்.

அவன் திரும்ப இறங்கிய பத்தொன்பதாவது நிமிஷம் எதிரணி கோல்கீப்பர் பந்தை உயர உதைத்தான். சாதாரணப் பந்து. பக்கத்தில் ஒருவரும் இல்லை. கொக்கு தலையால் முட்டித் திருப்பி அனுப்பினான், ஒரு நாளைக்கு நூறு தடவை பயிற்சியில் செய்கிற வேலை. பிறகு திரும்பி, ஆட்டம் முடிந்துவிட்டதுபோல, ஓரக் கோட்டைப் பார்த்து மெல்ல நடந்து வந்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்ததும் யாரோ உட்காரச் சொன்னதுபோல உட்கார்ந்தான். அப்புறம் படுத்தான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஒரு கண்ணின் பாவை பெரிதாகியிருந்தது.

மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். ஆஸ்பத்திரி நடையில் பெரிய டாக்டர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நாம தாளைப் பாத்தோம்மா" என்றார். அவளுக்கு அவரைத் திட்ட வேண்டும்போல இருந்தது, ஆனால் அவர் 'நாம' என்று சொன்னதில் ஒரு பாதி அவளுடையதுதான் என்பதால் வாயைத் திறக்க முடியவில்லை.

கொக்கு பிழைத்தான். பதினாறாம் நாள் பேசினான், இரண்டாம் மாதம் நடந்தான். இனி ஆட முடியாது என்பதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை, மண்டையில் வைத்த தகடே சொல்லிவிட்டது.

கிளப் மூன்று பேர் கொண்ட குழு வைத்து விசாரித்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தான் பாடம் நடத்தியது, சிரித்தது, கேன்டீனில் கேட்டது, கேட்டும் எழுதாமல் விட்டது, ஒன்றுவிடாமல். குழு மற்ற இருபத்தைந்து பேரையும் கூப்பிட்டு, வேண்டுமென்றே தப்பாகச் சொன்னீர்களா என்று கேட்டது. ஒருத்தனாவது ஆமாம் என்றால் அவனவன் தாளும் பொய்யாகிவிடும், மறுபடி எடுக்க வேண்டிவரும், அடுத்த அடி யாருக்கு விழுமோ! இருபத்தைந்து பேரும் ஒரே குரலில், "நாங்க நிஜமாத்தான் சொன்னோம்" என்றார்கள். கோல்கீப்பரைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள்.

"அவன் உன் சிநேகிதன்டா."

"தெரியும்க்கா" என்று அழுதான். "ஆனா எனக்கும் ரெண்டு குழந்தைங்க இருக்கு."

நடைமுறையில் குறை ஏதும் இல்லை என்று குழு எழுதியது. அடுத்த வாரம் அவளுடைய பயிற்சிச் சான்றிதழ் வந்தது. பெரிய டாக்டர் அவரால் முடிந்ததைச் செய்திருந்தார்: 'நெருக்கடியில் நிதானம் தவறாதவர்' என்று சொந்தக் கையால் எழுதி, கீழே கையெழுத்து. அம்மா முட்டி வலியோடு நாற்காலியில் ஏறி அதைச் சுவரில் மாட்டினாள். "அப்பாடா, இப்பவாவது ஒரு வழியா முடிஞ்சுதே" என்றாள். மகள் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

ஆறு மாதம் கழித்துக் கொக்கைக் கடைசித் தேர்வுக்கு அழைத்தார்கள். கிளப்பின் விதி ஒன்று இருந்தது. அடிபட்ட வீரரின் மார்க் முதல் மார்க்கைவிடக் குறைவாக இருக்கும்வரை அவருக்கான சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, ஞாபகப் பயிற்சி எல்லாம் கிளப்பின் பொறுப்பு. முதல் மார்க்குக்குத் திரும்பிவிட்டால் குணமாகிவிட்டார் என்று அர்த்தம், அத்தோடு முடிந்தது. முதலில் எடுத்த அதே பட்டியலை வைத்துத்தான் தேர்வு நடக்க வேண்டும். இந்தத் தடவை அவளைப் படிக்க விடவில்லை. குழு வெளியிலிருந்து ஒரு டாக்டரை அனுப்பியது. அவளுக்குச் சாட்சி வேலை மட்டும்.

கொக்கு மனைவியோடு வந்தான். தலைமுடி வளர்ந்து தழும்பை மறைத்திருந்தது. இளைத்ததில் கழுத்து இன்னும் நீளமாகத் தெரிந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க..." என்று தொடங்கி, எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றான்.

"டாக்டரக்கா" என்று மனைவி காதோரம் சொன்னாள்.

"ஆங், டாக்டரக்கா."

வெளி டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். ஏணி, உப்பு, கண்ணாடி, யானை, நூல், மேகம், பூட்டு, வாழை, கம்பளி, மணி. கொக்கு கண்ணை இறுக மூடிக்கொண்டான். முழங்காலில் வைத்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

"ஏணி" என்றான். "உப்பு." இரண்டு விரலைத் திறந்துவிட்டு மூன்றாவதை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தான். "மணி. அப்புறம்... பெருசா இருக்குமே... யானை."

இன்னும் ஒரு நிமிஷம் முயன்றான். மேலுதட்டில் வியர்த்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த மனைவியின் உதடு அசைவதை டாக்டரக்கா அப்போதுதான் கவனித்தாள். சத்தமில்லாமல், அவன் விட்ட ஒவ்வொரு வார்த்தையையும் அது சொல்லிக்கொண்டிருந்தது.

"நாலு" என்று வெளி டாக்டர் குறித்துக்கொண்டார். "முதல் தேர்வு நாலு. இன்னைக்கு நாலு. வேறுபாடு..." ஒரு பூஜ்யம் போட்டார். "நல்ல செய்திம்மா. உங்க வீட்டுக்காரர் பழைய நிலைக்கு வந்துட்டார். இங்க கையெழுத்துப் போடுங்க டாக்டர்."

"நான் போட மாட்டேன்" என்றாள் அவள். "அந்த முதல் நாலு பொய். இது நிஜம்."

"அந்த விஷயம் விசாரிச்சு முடிஞ்சுபோச்சுங்களே. நீங்க போடலேன்னாலும் இது செல்லும். என் கையெழுத்து ஒண்ணே போதும்." அவர் சிடுசிடுக்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்து, கொக்கின் கையைப் பிடித்துக் குலுக்கி, வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அறையில் மூன்று பேர் மிச்சம். கொக்கு குனிந்து ஷூ கயிற்றைக் கட்டப்பார்த்தான். பாதியில் கை நின்றது. மனைவி தரையில் உட்கார்ந்து கட்டிவிட ஆரம்பித்தாள்.

"எத்தனை எடுத்தேன்?" என்று கேட்டான்.

"நாலு."

"மீதி என்ன?"

அவள் கயிற்றை இழுத்துக்கொண்டே, பிள்ளைகளுக்குச் சொல்லும் ராகத்தில் சொன்னாள்: "கண்ணாடி, நூல், மேகம், பூட்டு, வாழை, கம்பளி."

அவன் வியந்துபோனான். "அடேங்கப்பா! ஒரு தடவைதானே படிச்சாரு? உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க. போன வருஷம் பாட்டாவே பாடி. என் கிளாஸ் பிள்ளைங்க எல்லாத்துக்கும் தெரியும்."

"நானா? பத்துமா?"

"பத்தும். தலைகீழாவும் சொன்னீங்க."

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் முகத்தில் ஒரு பெருமை வந்துவிட்டது, வேறு யாரையோ பாராட்டக் கேட்டவனைப்போல. டாக்டரக்காவின் பக்கம் திரும்பினான். அவள் தலையை நிமிர்த்த முடியாமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ என்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்றாளா, இல்ல நிஜமாவா?"

"நிஜம்தான்" என்றாள் அவள். "நான் கேட்டேன்."